கறள் பிடிக்காத சில்லு

துப்புரவுச் சாமான் விற்கின்ற கடைகள் நம்மவர்களிடம் நிறைய இருக்கின்றன. தும்புத்தடி, மொப், வாளி, பிளீச்சிங் தூள், தரை கழுவும் திரவம் என்று அடுக்கி வைத்து விற்கிறோம். ஹோட்டல்கள், வைத்தியசாலைகள், பாடசாலைகள், பள்ளிவாசல்கள் எல்லாம் நமது வாடிக்கையாளர்கள். இவர்களில் பெரிய இடத்தார் வாங்குவது சில்லுப் பூட்டிய மொப் வாளி. மேலே பிழியும் கருவி, கீழே நாலு பக்கமும் திரும்பக்கூடிய நான்கு சில்லுகள். காஸ்டர் வீல் என்று கேட்டு வாங்குவது இந்தச் சில்லைத்தான்.

இவ்வளவு சின்னச் சாமானுக்கு ஒரு முழுக் கட்டுரையா என்று நண்பர்கள் சிலர் நினைக்கக் கூடும். எனது கடைக்குத் திரும்பி வந்த வாளிகளில் வாளி உடைந்து வந்தது மிகக் குறைவு. சில்லு சிக்கி, சில்லு கழன்று, சில்லு உடைந்து வந்தவைதான் அதிகம். வாளியின் விலையில் சில்லின் விலை ஒரு சிறு பங்குதான். ஆனால் சில்லு போனால் முழு வாளிக்கும் நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

இரும்புச் சில்லின் பிரச்சினை எல்லோரும் அறிந்தது. பிளீச்சிங் தூள் கரைத்த தண்ணீர் தினமும் மேலே சிந்தினால் இரும்பின் மேலுள்ள நாகமுலாம் தாக்குப்பிடிக்காது. முதலில் வெள்ளைத் தூளாகப் பூக்கும், பிறகு சிவப்புக் கறள். இரவில் வாளியை நிறுத்திய இடத்தில் காலையில் வெள்ளை டைலின் மேல் நான்கு செம்மண் நிறப் பொட்டுகள் இருக்கும். அந்தக் கறை இலகுவில் போகாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடலாமே என்பார்கள். விலை ஒரு பக்கம் இருக்க, குளோரினும் உப்பும் சேர்ந்த இடத்தில் சாதாரண ஸ்டெயின்லெஸும் புள்ளி புள்ளியாக அரித்துப் போகும். மீன் சந்தையில் வேலை செய்பவர்களுக்கு இது தெரியும். வைத்தியசாலைகளில் எம்.ஆர்.ஐ. இயந்திரம் இருக்கின்ற அறைக்குள் இரும்புள்ள வாளியைக் கொண்டு போகவே கூடாது. அந்தக் காந்தம் வாளியை அப்படியே இழுத்தெடுத்து விடும். ஆகவே உலோகமே இல்லாத சில்லுக்கு உண்மையான தேவை இருக்கிறது. அதை எப்படிச் செய்வது, வாங்குபவர் எதைப் பார்த்து வாங்குவது என்பதுதான் விடயம்.

நான் இதைக் கற்றுக்கொண்டது நட்டப்பட்டுத்தான். சில வருடங்களுக்கு முன்னர் இரும்புச் சில்லு பற்றிய முறைப்பாடு கூடியதால், முற்றிலும் பிளாஸ்டிக்கினாலான சில்லுப் பூட்டிய வாளிகளை இறக்குமதி செய்தேன். "நைலோன், கறள் பிடிக்காது" என்று விபரத்தாளில் இருந்தது. அதை அப்படியே நம்பி, தனியார் வைத்தியசாலை ஒன்றுக்கு 40 வாளிகள் கொடுத்தேன். மூன்றாவது வாரம் அங்கே துப்புரவுப் பகுதிக்குப் பொறுப்பானவர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"நானா, ஒங்கட வாளிய இப்ப யாரும் தள்றதில்ல, இழுத்துக்கிட்டுத்தான் போறாங்க. சில்லு ஒண்டும் உருளுதில்ல."

பத்து வாளிகளைத் திருப்பி எடுத்து வந்து கடையின் பின்னால் வைத்தேன். வேலைப் பளுவில் ஒரு மாதம் கழித்துத்தான் பார்க்க முடிந்தது. தள்ளிப் பார்த்தால் பத்தும் அழகாக உருளுகின்றன. வேலையாட்கள்தான் சரியாகப் பாவிக்கவில்லை என்று நினைத்துத் திருப்பி அனுப்பினேன். பத்து நாளில் அதே பத்தும் மீண்டும் வந்து சேர்ந்தன, இம்முறை அவருடைய கோபத்தோடு.

எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் நீண்ட காலம் பிளாஸ்டிக் வார்க்கும் தொழிற்சாலை நடத்துபவர். அவரிடம் ஒரு சில்லைக் கொண்டு போய்க் காட்டினேன். கழற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, கடைல ஒணங்க வெச்சிப் பாத்தா எப்பிடி வெளங்கும்? ஒரு கெழம தண்ணில போட்டு வெச்சிட்டுப் பாருங்க."

போட்டு வைத்தேன். சில்லு பூட்டுப் போட்டது போல் இறுகிவிட்டது.

நைலோன் தண்ணீர் குடிக்கும் சாமான். தண்ணீரிலேயே கிடந்தால் சாதாரண நைலோன் 6 தனது நிறையில் நூற்றுக்கு 9 அளவுக்குத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். இழுத்தால் பருக்கும். 100 மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனது சில்லில் அச்சாணி சுற்றுவதற்கு நைலோன் புஷ் ஒன்றைச் சில்லின் நடுவில் இறுக்கி அடித்திருந்தார்கள். புஷ் பருக்கும்போது வெளிப்பக்கம் போக இடமில்லை, சில்லு பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆகவே உட்பக்கமாகப் பருத்து அச்சாணியை நெரிக்கிறது. கடையில் உலர்ந்தவுடன் விட்டுவிடுகிறது. காற்சட்டைப் பைக்குள் அளவுகோலுடன் வந்து பார்த்த அந்த வைத்தியசாலையின் பராமரிப்பு உத்தியோகத்தருக்கும் எனக்கும் இது தெரியவில்லை. 40 வாளிகளையும் திருப்பி எடுத்தேன். அந்த வைத்தியசாலை இப்போது வேறொருவரிடம் வாங்குகிறது.

நைலோன் கெட்ட சாமான் என்று இதை விளங்கிக்கொள்ளக் கூடாது. பலமும் தேய்மானம் தாங்கும் குணமும் அதில் உண்டு. காய்ந்த இடத்து ட்ரொலிக்கு மிக நல்லது. ஈரத்தில் பாவிப்பதானால் பருப்பதற்கு இடம் விட்டுச் செய்ய வேண்டும். அத்துடன் குளோரினையும் அமிலத்தையும் அது விரும்பாது. மலசலகூடம் கழுவும் அமிலத் திரவம் தினமும் பட்டால் மேற்பரப்பு வெளுத்து, நொறுங்கத் தொடங்கும்.

சரி, தண்ணீர் குடிக்காத பிளாஸ்டிக் வேண்டும் என்று தேடினால் முதலில் கையில் வருவது அசிட்டால். வழுவழுப்பானது, தண்ணீரை மிகக் குறைவாகவே இழுக்கும், பற்சில்லுகள் எல்லாம் இதில் செய்கிறார்கள். நானும் இதுதான் விடை என்று நினைத்தேன். ஆனால் குளோரின் இதையும் தின்னும். அமெரிக்காவில் வீடுகளுக்குள் ஓடும் பொலிபியூட்டிலீன் தண்ணீர்க் குழாய்களை அசிட்டால் துண்டுகளால் பொருத்தினார்கள். நகரத் தண்ணீரில் இருந்த சிறிதளவு குளோரினே வருடக் கணக்கில் பட்டு, அந்தத் துண்டுகள் வெடித்து, வீடுகள் நனைந்தன. 1995 இல் பெரிய இரசாயனக் கம்பனிகள் 950 மில்லியன் டொலர் ஒதுக்கி வழக்கைத் தீர்க்க வேண்டி வந்தது. குடிக்கும் தண்ணீரில் உள்ள குளோரினுக்கே அப்படி என்றால், நமது வாளியில் கரைக்கின்ற பிளீச்சிங் தூள் அதைவிடப் பல மடங்கு காரமானது.

மிஞ்சுவது பொலிப்ரொப்பிலீன். வாளியே அநேகமாக அதில்தான் செய்யப்பட்டிருக்கும். அமிலம், காரம், வாளியில் கரைக்கின்ற அளவு குளோரின் எல்லாவற்றுக்கும் நன்றாக நிற்கும், தண்ணீர் குடிக்காது, விலையும் குறைவு. குறை என்னவென்றால் நைலோன் அளவுக்குப் பலமில்லை. பாரத்தோடு நீண்ட நேரம் நிறுத்தி வைத்தால் மெல்ல மெல்ல வளைந்து கொடுக்கும். வெயிலில் போட்டு வைத்தால் சுண்ணாம்பு பூத்தது போல் ஆகி உடையும். வெயிலுக்கு மருந்து சேர்த்து வார்க்கலாம். பலக்குறைவுக்குக் கண்ணாடி நார் சேர்த்து, அளவைப் பெருப்பித்துச் சமாளிக்கலாம். இரசாயனம் தின்றுவிட்டால் எதைக் கொண்டும் சமாளிக்க முடியாது. அதனால்தான் ஈர வேலைக்கு நான் பொலிப்ரொப்பிலீன் பக்கம் நிற்கிறேன்.

பொலியூரிதேன் பற்றியும் ஒரு வார்த்தை. ரயர் போல வெளியே போர்த்திய பளபளப்பான சில்லுகள் அழகாகத்தான் இருக்கும். எனது களஞ்சியத்தில் பெட்டி கூடத் திறக்காமல் வைத்திருந்த ஒரு தொகை, சில வருடங்களின் பின் கையில் எடுத்தபோது பாண் தூள் போல உதிர்ந்தது. யாரும் ஒரு நாள் கூடப் பாவிக்கவில்லை. பொலியூரிதேனில் இரண்டு இனம் உண்டு. பொலியெஸ்டர் இனத்தை நமது நாட்டின் சூடும் ஈரக் காற்றுமே அரித்துவிடும். பொலியீதர் இனம் ஈரத்துக்கு நிற்கும். ஓடர் கொடுக்கும்போது எந்த இனம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்க வேண்டாம்.

விற்பவர் சொல்வது நைலோனா, பொலிப்ரொப்பிலீனா, வேறெதுவுமா என்று கடையிலேயே பார்த்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. இரண்டு கிளாஸ் தண்ணீர் போதும். ஒன்று சாதாரணத் தண்ணீர். மற்றதில் இனிமேல் கரையாது என்கிற அளவுக்குக் கறியுப்பைக் கரையுங்கள். சில்லிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டிப் போடுங்கள். பொலிப்ரொப்பிலீன் சாதாரணத் தண்ணீரிலேயே மிதக்கும். நைலோன் சாதாரணத் தண்ணீரில் தாழும், உப்புத் தண்ணீரில் மிதக்கும். அசிட்டால் இரண்டிலும் தாழும். ஒட்டிக்கொண்டிருக்கும் காற்றுக் குமிழியை விரலால் தட்டிவிட மறக்க வேண்டாம். கண்ணாடி நார் சேர்த்த சாமானுக்கு இந்தக் கணக்குச் சரிவராது, நாரின் பாரம் எல்லாவற்றையும் தாழ்த்திவிடும். சிலர் எரித்து மணந்து பார்ப்பார்கள். அசிட்டால் எரியும் புகை மூக்கையும் கண்ணையும் எரிக்கும் நச்சுப் புகை, அந்த வேலை வேண்டாம்.

2022 இல் டொலர் இல்லாமல் எல்.சி. திறக்க முடியாமல் நாம் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மாற்றுச் சில்லு கேட்டு வந்தவர்களுக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. அப்போதுதான் அந்தப் பெரியவரிடம் போய், நாமே செய்து பார்ப்போமா என்று கேட்டேன். அவரும் சம்மதித்தார். பெரிய மோல்ட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னர் சிறிய அளவில் மாதிரிகள் செய்து பார்ப்பது என்று முடிவெடுத்தோம்.

முதலில் நாங்கள் செய்தது எல்லோரும் செய்கின்ற பிழை. நல்ல இரும்புச் சில்லு ஒன்றை எடுத்து அதே அளவில் பிளாஸ்டிக்கில் செய்தோம். 8 மில்லிமீற்றர் அச்சாணி வாளியில் தண்ணீர் நிரப்பியதும் வில்லாக வளைந்தது. இரும்பின் விறைப்பு கண்ணாடி நார் சேர்த்த பிளாஸ்டிக்கின் விறைப்பைப் போல் 20 முதல் 30 மடங்கு. ஆனால் இதில் நமக்குச் சாதகமான ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு தண்டின் மொத்தத்தை இரண்டு மடங்காக்கினால் அதன் விறைப்பு 16 மடங்காகும். ஆகவே 8 மில்லிமீற்றர் அச்சாணியை 20 மில்லிமீற்றராக்கினால் பிளாஸ்டிக்கும் இரும்பின் அளவுக்கு நிற்கும். பார்ப்பதற்குக் கொஞ்சம் தடித்திருக்கும். நல்ல பிளாஸ்டிக் சில்லுகள் எல்லாம் குண்டாக இருப்பது இதனால்தான். இரும்புச் சில்லைப் போல் ஒல்லியாக இருக்கும் பிளாஸ்டிக் சில்லைக் கண்டால் சந்தேகப்படுங்கள்.

பாரம் எவ்வளவு என்பதையும் சரியாகக் கணக்கிட வேண்டும். 40 லீற்றர் தண்ணீர் 40 கிலோ. வாளியும் பிழிகருவியும் சேர்ந்து 10 கிலோ. பிழியும்போது வேலையாள் தனது உடம்பைச் சாய்த்து அழுத்துவார், அதற்கு 30 கிலோவாவது வையுங்கள். மொத்தம் 80. நான்கு சில்லுக்கும் பிரித்தால் 20 என்று எழுதிவிடக் கூடாது. தரை எங்கேயும் சமமாக இல்லை, எப்போதும் ஒரு சில்லு தூக்கிக்கொண்டுதான் நிற்கும். மூன்றால் பிரிக்க வேண்டும், ஏறத்தாழ 27 கிலோ. கான் மூடியிலும் கதவுப் படியிலும் விழுந்து எழும்பும் அடிக்காக அதை இரண்டு மடங்காக்கினோம். விபரத்தாளில் "100 கிலோ" என்று போட்டிருந்தால் அது ஒரு சில்லுக்கா, நான்குக்குமா என்று கேளுங்கள். இந்த வகை, கையால் தள்ளும் நிறுவனச் சாமான்களின் சில்லுக்கு ஐ.எஸ்.ஓ. 22881 என்ற சர்வதேசத் தரம் இருக்கிறது. பெரிய ஓடர் கொடுப்பவர்கள் அதைக் கேட்டு வாங்கலாம்.

இனித் திரும்பும் பகுதி. சில்லு உடைவதை எல்லோரும் காண்கிறோம், ஆனால் சில்லின் ஆயுளைத் தீர்மானிப்பது மேலே இருக்கின்ற இந்தத் திரும்பும் பகுதிதான் என்பது எனது முடிவு. ஒரு காஸ்டரைப் பக்கவாட்டில் பாருங்கள். மேலே இருக்கும் தண்டும் கீழே இருக்கும் அச்சாணியும் ஒரே நேர்கோட்டில் இருக்காது. சில்லு சற்றுப் பின்னுக்குத் தள்ளி இருக்கும். அந்த இடைவெளியால்தான் வாளியைத் தள்ளிய பக்கத்துக்குச் சில்லு தானாகத் திரும்பிப் பின்தொடர்கிறது. இடைவெளி குறைந்தால் திரும்பாமல் அடம்பிடிக்கும். கூடினால் இலகுவாகத் திரும்பும், ஆனால் தண்டை வளைக்கும் விசையும் கூடும். 75 மில்லிமீற்றர் சில்லுக்கு நாங்கள் 28 மில்லிமீற்றர் வைத்தோம். 27 கிலோ பாரம் 28 மில்லிமீற்றர் தள்ளி நிற்கிறது. தண்டு வாளியின் அடிக்குள் 25 மில்லிமீற்றர் மாத்திரம் போயிருந்தால் அதன் மேலும் கீழும் பக்கவாட்டில் 30 கிலோ அளவில் நெரிபடும். 50 மில்லிமீற்றர் போயிருந்தால் அது பாதியாகிவிடும். வாளி வாங்கும்போது கவிழ்த்து, தண்டு போகும் குழி எவ்வளவு ஆழம் என்று பாருங்கள். இதை யாரும் பார்ப்பதில்லை.

இரும்புக் காஸ்டரில் திரும்பும் இடத்தில் குண்டுகள் இருக்கும். உலோகம் வேண்டாம் என்பதால் கண்ணாடிக் குண்டு, பிளாஸ்டிக் குண்டு போட்டு வரும் சாமான்களும் உண்டு. எனக்கு அதில் விருப்பமில்லை. குண்டு ஒரு புள்ளியில் அழுத்தும். நிரப்பிய வாளியை ஓரிரவு நிறுத்தி வைத்தால் பிளாஸ்டிக் தட்டில் குழி விழும். காலையில் சில்லு அந்தக் குழிகளிலேயே நின்றுகொள்ளும். மணல் போனாலும் சிக்கும். இவ்வளவு மெதுவாகத் திரும்பும் சாமானுக்கு அகலமான ஒரு தட்டையான வாசரே போதும். இறைச்சிக் கடையில் வெட்டும் பலகையாக இருக்கிறதே, அந்த வெள்ளை நிறக் கடினப் பொலித்தீன், அதில் வெட்டிப் போட்டோம். அச்சாணியின் புஷ்ஷும் அதுவே. தண்ணீர் குடிக்காது, கிறீஸ் தேவையில்லை. பிளாஸ்டிக்கை அதே பிளாஸ்டிக்கில் உரச விடாமல், ஒன்றை வேறொன்றோடு சேர்ப்பது நல்லது என்பது பெரியவரின் பாடம். ஒரே இனம் என்றால் சத்தமும் வரும், தேய்வும் கூடும்.

தரையில் படும் பகுதிக்குப் பொலிப்ரொப்பிலீனை அப்படியே விட்டால் டைலில் சத்தம் தாங்க முடியாது. அதன் மேல் சாம்பல் நிற மெத்தையான பிளாஸ்டிக் இறப்பரைச் சேர்த்து வார்க்கலாம், இரண்டும் உருகி ஒட்டிக்கொள்ளும். கறுப்பு இறப்பர் தரையில் கோடு போடும், அதில் கலந்திருக்கும் கரித்தூள்தான் காரணம். நமது நாட்டிலேயே போர்க் லிஃப்டுக்கான கோடு போடாத ரயர்கள் செய்து ஏற்றுமதி செய்கிறார்கள். கரித்தூளுக்குப் பதில் சிலிக்கா போட்டால் அந்தக் கறுப்பு வராது.

எங்கள் இரண்டாவது மாதிரியும் உடைந்தது. கடையின் பின்னால் சீமெந்துத் தரையில் ஒரு மரச் சட்டத்தை அடித்து, மணல் மூட்டை வைத்த வாளியை அதன் மேலால் ஏற்றி இறக்கினோம். நானும் கடைப் பையன் ஒருவரும் மாறி மாறி இரண்டு நாள். தண்டு கவையோடு சேரும் மூலையில் சுத்தமாக வெட்டியது போல் முறிந்தது. மூலை கூராக இருந்ததே காரணம். விசை எல்லாம் அந்தக் கூரில் வந்து சேரும். மூலையை 3 மில்லிமீற்றர் வளைவாக உருட்டினோம். பலப்படுத்துகிறேன் என்று நான் தண்டின் அடியை மிகவும் தடிப்பாக்கச் சொன்னேன், பெரியவர் மறுத்துவிட்டார். தடித்த பிளாஸ்டிக் ஆறும்போது உள்ளே வெற்றிடம் விழும். வெளியே பார்க்கப் பலம், உள்ளே ஓட்டை. சுவரை 3, 4 மில்லிமீற்றரில் சீராக வைத்து உள்ளே விலா எலும்பு போல் குறுக்குச் சட்டம் கொடுப்பதுதான் முறை. முறிந்த துண்டின் உட்புறத்தைப் பார்த்தால் யாரும் கண்டுகொள்ளலாம். மேற்பரப்பில் வெள்ளிக் கோடுகள் இருந்தால், ஈரமான மூலப்பொருளை உலர்த்தாமல் வார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படியானவற்றை எடுக்க வேண்டாம்.

மூன்றாவது மாதிரி மரச் சட்டத்தில் முறியவில்லை. மீன் கழுவும் இடம் ஒன்றில் இரண்டு வாளிகளுக்குப் பூட்டிக் கொடுத்திருக்கிறேன். மூன்று மாதமாகிறது. உப்புத் தண்ணீரும் பிளீச்சிங்கும் தினமும் படுகின்றன. கவையும் தண்டும் போட்டது போலவே இருக்கின்றன, நன்றாகத் திரும்புகின்றன. ஆனால் போன கிழமை போய்ப் பார்த்தபோது ஒரு சில்லு நின்றுவிட்டிருந்தது. கழற்றினால், மொப்பிலிருந்து விழுந்த நூல் அச்சாணியில் கயிறு திரித்தது போல் சுற்றி இறுகியிருந்தது. சில்லுக்கும் கவைக்கும் இடையில் நூல் போகாமல் இரு பக்கமும் ஒரு மூடி வேண்டும். அதற்கு வேறாக ஒரு சிறிய மோல்ட் செய்ய வேண்டுமாம். விலை கேட்டிருக்கிறேன்.